கேள்வி கேட்டதும் மூன்று விநாடி வாயை மூடுங்கள்

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். பெரும்பாலும் ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, தயங்கி உட்கார்ந்திருந்தவர்களும் பேசினார்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் ஏழாம் வகுப்பில் நான் செய்வது இது. "மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் நம்மூர் வாய்க்காலுக்கு ஏன் அன்றைக்கே வருவதில்லை?" என்று பொதுவாகக் கேட்பேன். பெயரைச் சொல்லமாட்டேன். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். மனதுக்குள் மெதுவாக மூன்று எண்ணிவிட்டு, அப்புறம்தான் ஒருவரை எழுப்புவேன்.

ஒருத்தி "தூரம் சார்" என்றாள். உடனே "சபாஷ்" சொல்லாமல் இன்னும் மூன்று விநாடி பொறுத்தேன். அவளே தொடர்ந்தாள்: "கல்லணையில பிரிச்சு விடணும், அப்புறம் வெண்ணாத்துல வரணும். வழியில எல்லா மதகும் வாங்கிக்கிட்டு மிச்சம்தானே சார் நமக்கு?" கடைமடை விவசாயி மகள் அல்லவா, பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

முதல் வாரம் அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம். கை பரபரக்கும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டால் கொஞ்சம் எளிது. வாய்ப்பாடு மாதிரி சட்டென்று சொல்ல வேண்டியதற்கு இது வேண்டாம். "ஏன்", "எப்படி" கேள்விகளுக்கு மட்டும்.