தறி மெக்கானிக் மீட்கப் போகிறார்: சிறு செலவில் அதிரடிப் படம் எடுக்கும் வழி

சிறு செலவில் அதிரடிப் படம் எடுக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் சண்டைப் பயிற்சியாளரைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது நாயகன் என்ன தொழில் செய்கிறான் என்பதை. கடத்தப்பட்ட ஒருவரை மீட்கப் புறப்படும் சாதாரண மனிதனிடம் துப்பாக்கியும் கிடையாது, படைப்பயிற்சியும் கிடையாது. இருபது ஆண்டுக் கைப்பழக்கம் மட்டுமே உண்டு. அந்தக் கைப்பழக்கத்தைக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை வாங்கத் தெரிந்துவிட்டால், வெடிக்கும் கார்களுக்கும் பறந்து விழும் அடியாட்களுக்கும் தேவையே வராது.

கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட நாயகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் துளையிலிருந்து வெளியே வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்வார். கரூரில் பஸ் பாடி கட்டும் வெல்டருக்கு ஒரு தகரக் கதவின் எந்த மூலை முதலில் விட்டுக்கொடுக்கும் என்பது பார்த்தவுடன் தெரியும். நாமக்கல் லாரிக் கிளீனர் கும்மிருட்டிலும் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக் கட்டிவிடுவார். இவர்களில் யாரை எடுத்துக்கொண்டாலும், திரைக்கதை எழுத உட்காருவதற்கு முன் அந்தத் தொழில் நடக்கும் இடத்தில் ஒரு வாரமாவது சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

எடுத்துக்காட்டுக்காகச் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறி மெக்கானிக் ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருடைய அக்கா மகன், பதினொரு வயதுப் பையன், தகப்பன் வாங்கிய கந்துவட்டிக் கடனுக்காகத் தூக்கிச் செல்லப்படுகிறான். விடிவதற்குள் தோட்டத்துப் பத்திரம் கைக்கு வந்து சேர வேண்டும் என்று தொலைபேசியில் மிரட்டல் வருகிறது. கதை ஓரிரவுக்குள் அடங்குவதால் எல்லோருக்கும் ஒரே உடை போதும். கடிகாரமும் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அவர் ஏன் போலீஸுக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு மட்டும் முதல் பத்து நிமிடத்துக்குள் விடை சொல்லிவிட வேண்டும். மிரட்டுகிறவன் காவல் நிலையத்து வாசலில் அன்றாடம் டீ குடிக்கிறவன் என்பதை வசனமில்லாமல் ஒரு காட்சியில் காட்டினாலே போதும். இந்தக் கேள்வியைத் தொங்கவிட்ட படத்தைப் பார்வையாளர் பிறகு எந்த இடத்திலும் முழுதாக நம்புவதில்லை.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. பேசுகிறவனின் குரலுக்குப் பின்னால் தறி ஓடும் சத்தம் கேட்கிறது. நமக்கு அது வெறும் இரைச்சல். மெக்கானிக்குக்கு அதில் ஒரு தறி மட்டும் அடி தப்பி விழுவது கேட்கிறது. நூலோடு பாயும் நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. போன வாரம் அவரே பார்த்து, மாற்றிவிடுங்கள் என்று சொல்லியும் முதலாளி மாற்றாமல் விட்ட குச்சி அது. பையன் எந்தத் தறிக்குடோனுக்கு (தறிகள் ஓடும் கூடத்துக்கு) பக்கத்தில் இருக்கிறான் என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் காட்சிக்குத் தேவை ஒரு முகமும் ஒரு தொலைபேசியும்தான். கேமராவை அவருடைய காதருகே வைத்து, வெட்டாமல் நாற்பது நொடி விட்டு, ஒலிக்கலவையில் அந்தத் தப்பிய அடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்தால், எந்தத் துரத்தல் காட்சிக்கும் குறையாத பதற்றம் கிடைக்கும்.

உச்சக்காட்சியையும் அதே சத்தத்திலிருந்தே எடுக்கலாம். பையனை அடைத்து வைத்திருப்பது ஓட்டம் நின்றுபோன பக்கத்துக் குடோனில். மெக்கானிக் பின்பக்கமாக நுழைந்து மெயின் சுவிட்சைப் போட்டு, தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிடுகிறார். இருபத்துநான்கு தறியும் ஓடத் தொடங்கிய பிறகு காவலுக்கு நிற்கும் நான்கு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டாலும் கேட்காது. தறிக்குடோனில் வளர்ந்தவர்களுக்கோ அது ஒரு தடையே அல்ல. அங்கே பேச்சு எப்போதும் கைஜாடையும் உதட்டசைவும்தான். மாமன் ஜாடை காட்ட, பையன் நூல் சுற்றிய பீம்களுக்குக் கீழே தவழ்ந்து வெளியேறுகிறான். இது எடுபட வேண்டுமானால், பையன் மதியச் சோற்றைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து, ஓடும் தறிகளுக்கு நடுவே மாமனோடு ஜாடையில் வம்பளக்கும் காட்சி ஒன்று படத்தின் தொடக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அதைச் சிரிப்புக் காட்சியாகவே எடுங்கள். பின்னால் வரப்போவதற்கான முன்னேற்பாடு என்று யாரும் மோப்பம் பிடிக்க மாட்டார்கள்.

ஓடும் தறிக்கு அருகில் எக்காரணம் கொண்டும் நடிகர்களை, அதிலும் பையனை, நிறுத்தக் கூடாது. நாடா தெறித்தால் கண் போகும். தறி ஓட்டத்தை ஆளில்லாமல் தனியாகவும், நடிகர்களை நின்ற தறிகளுக்கு நடுவே தனியாகவும் எடுத்துப் படத்தொகுப்பில் இணைத்துக்கொள்ளலாம்; நடிகர்கள் இருக்கும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். வசன ஒலியிலும் எச்சரிக்கை தேவை. என்னுடைய முதல் குறும்படத்தில் நின்றுபோன குடோன் ஒன்றை வாடகையின்றிக் கொடுத்தார்கள் என்ற மகிழ்ச்சியில், சுற்றிலும் ஓடிக்கொண்டிருந்த குடோன்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு இரவு எடுத்த வசனம் முழுவதும் வீணாகி, டப்பிங்குக்குத் தனியாகப் பணம் புரட்ட வேண்டியதாயிற்று. தறிகளுக்கு வாரவிடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, பேசும் காட்சிகளை அந்த நாளுக்கு ஒதுக்குவதே வழி.

துரத்தலுக்கு நெடுஞ்சாலை வேண்டாம். நம் ஊர் இட்டேரிகள் போதும். இருபுறமும் வேலி உயர்ந்து நிற்கும் அந்தக் குறுகிய வண்டித்தடத்தில் ஓடுகிறவனுக்கு முன்னும் பின்னும் தவிர வேறு திசையே கிடையாது, கேமராவுக்கும் அப்படியே. எனவே ஒளியமைக்க வேண்டிய இடம் குறைகிறது, ஒரு மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கே வில்லனின் வருகையைச் சொல்லிவிடுகிறது. வேலியில் ஆள் நுழையும் கடவு எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்க்காரனான நாயகனுக்குத் தெரியும், பைக்கில் வருகிறவனுக்குத் தெரியாது என்பதை வைத்தே ஐந்து நிமிடம் ஓட்டலாம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் நிலத்து, கிளுவை வேலிகள் இரவில் திரையில் அருமையாக விழும். ஆனால் ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் நடிகர் ஒருவர் அட்டை அரிவாளோடு ஓடியதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் ஊரே தடியோடு திரண்டுவிட்டது.

சண்டைகளைப் படம் முழுவதற்கும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சாதாரண மனிதனுக்கு இருபது நொடியில் மூச்சு வாங்கும், அடித்த கையே வலிக்கும். முதல் சண்டையில் அவர் தோற்பது நல்லது. அதில் சுளுக்கிய மணிக்கட்டோடுதான் கடைசிவரை ஸ்பேனரைப் பிடிக்க வேண்டும், அடுத்த காட்சியில் அந்தக் காயத்தை நீங்கள் மறந்துவிடக் கூடாது. குத்து உண்மையில் படாமல் பட்டதுபோல் தெரிவதற்கு, அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ அடிவாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ கேமராவை வைத்து, முஷ்டிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியை மறைக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் அந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்துவிடும். இரண்டு சண்டைக்கும் ஒரு நாளாவது ஸ்டண்ட் கலைஞர் ஒருவரை வரவழைத்துவிடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

படம்பிடிக்க நல்ல கைப்பேசியே போதும் என்றாலும், அதைத் தானியங்கி முறையில் விடக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குடோனின் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. நொடிக்கு 24 பிரேம் வைத்துக்கொண்டு ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 நொடி என்று பூட்டினால் திரையில் பட்டை ஓடாது. சண்டையில் அசைவு வெட்டி வெட்டித் தெரிய வேண்டுமானால் 1/100 வைக்கலாம். இடைப்பட்ட எண்களில்தான் தொல்லை.

ஒலிகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். காய்ந்த சோளத்தட்டு நாலைந்தைச் சேர்த்து முறித்தால் எலும்பு முறிகிற சத்தம் கச்சிதமாக வருகிறது. ஈரத் துண்டை முறுக்கிச் சாக்கு மூட்டையில் ஓங்கி அடித்தால் குத்து. மாட்டுக்கு வாங்கி வைத்த தட்டுப்போரில் கை வைக்கும்போது வீட்டில் திட்டு விழும், அதையும் செலவுக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வசனத்தில் நம் மரியாதையை விட்டுவிட வேண்டாம். பஞ்ச் வசனம் பேசும் நாயகன் எங்கும் இருக்கிறான். எதிரியைப் பார்த்து, “ஏனுங்க, பையன உட்டுருங்க. காலைல ஸ்கூல் இருக்குதுங்க,” என்று தணிந்த குரலில் சொல்கிற மனிதன், கையில் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரோடு நின்றால், அந்த ‘ங்க’வே அரிவாளைவிடக் கூர்மையாக இருக்கும்.

சட்ட விஷயங்களில் அசட்டையாக இருந்தால் படம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பையனை நடிக்க வைப்பதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவன் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். காங்கேயம் மாடு ஒன்றைக் காட்ட ஆசைப்பட்டால் விலங்கு நல வாரியத்தின் அனுமதியை முன்னதாகவே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்கும். சூலூரில் விமானப்படைத் தளமும் பீளமேட்டில் விமான நிலையமும் இருப்பதால், டிரோனைக் கிளப்புவதற்கு முன் அரசு வெளியிட்டுள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். ஆனால் அது புலிகள் காப்பகம், இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. உங்கள் கதைக்கு மலை தேவையில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 1992-இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார், கேமராவை உருட்டிச் செல்லும் டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தினார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். வெளியிட்ட நிறுவனம் அதைத் திரையரங்குக்குத் தயார்செய்ய அதைவிடப் பல மடங்கு செலவழித்தது என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆகவே கையிலிருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒலிக்கலவைக்கும் நிறச்சீரமைப்புக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் படப்பிடிப்பைத் திட்டமிட வேண்டும். நாள்கணக்கைக் கறாராக வைத்துக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வெளிக்கொணர்ந்தது அந்தக் கறாரினால்தான்.

முதல் தொகுப்பு முடிந்தவுடன் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள். உண்மையான தறி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, அவர் திரையைப் பார்க்க நீங்கள் அவரைப் பாருங்கள். அவர் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தால், நடிகர் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்திருக்கிறார். அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.