டெல்டா நெல் கணக்கு எங்கே சறுக்குகிறது?

காவிரி டெல்டாவில் எவ்வளவு நெல் விளையும் என்று கேட்டால், பரப்பை ஏக்கர் விளைச்சலால் பெருக்கி விடை சொல்லிவிடுவார்கள். பெருக்கலில் தப்பில்லை, பெருக்குகிற எண்களில்தான் வில்லங்கம்.

முதல் சறுக்கல் பரப்பில். ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய காலப் பயிரான குறுவையை அறுத்த வயலிலேயே, இரண்டாம் போகமாகத் தாளடி நடுகிறார்கள். நிலம் ஒரு ஏக்கர், சாகுபடிப் பரப்பு இரண்டு ஏக்கர். நீண்ட காலப் பயிரான சம்பா போட்ட வயலில் ஒரு போகம்தான். நிலப் பரப்பையும் சாகுபடிப் பரப்பையும் கலந்துவிட்டால் அப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது.

அதைவிடப் பெரிய தவறு, மேட்டூர் அணையின் 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி) கொள்ளளவை வைத்து விளைச்சலைச் சொல்வது. அணை நிறைந்திருப்பது ஒரு நாள் நிலவரம். பயிருக்கு வேண்டியது கதிர் வரும்வரை தண்ணீர். 2023-இல் வழக்கமான ஜூன் 12-ஆம் தேதியே அணை திறந்தார்கள். ஆனால் கர்நாடகத்திலிருந்து வரத்து குறைந்து, அக்டோபரிலேயே மூட வேண்டியதாகிவிட்டது. நட்ட குறுவை பல இடங்களில் காய்ந்தது. திறந்த தேதியை மட்டும் பார்த்தவருக்கு அது நல்ல வருஷம்! பம்புசெட் இருக்கும் வயலையும் ஆற்றுப் பாசனத்தையே நம்பிய வயலையும் தனித்தனியாகப் பிரித்திருந்தால் கணக்கு இவ்வளவு பிசகியிருக்காது.

டெல்டா முழுவதற்கும் ஒரே சராசரி போடுவதும் ஏமாற்றும். கல்லணைக்குப் பக்கத்து வயலும் வாய்க்காலின் கடைசி முனையான வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலும் ஒன்றா? ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக்கு எட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை வடியாது. கடலோரத்தில் உப்பும் சேரும்.

விளைச்சலை மதிப்பிடச் செய்யும் பயிர் அறுவடைப் பரிசோதனை 5-க்கு 5 மீட்டர் சதுரத்தில் நடக்கிறது. அதில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும். ஈர நெல்லைக் காயவைக்காமல் எடைபோட்டாலும் அதே கதிதான்.

விவசாயியிடம் கேட்டால் "மாவுக்கு இத்தனை மூட்டை" என்பார். ஒரு மா 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவர் சொல்லும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ, அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை (சிப்பம்) 40 கிலோ. எந்த மூட்டை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில், நெல் வேறு அரிசி வேறு. 100 கிலோ நெல்லுக்கு 67, 68 கிலோ அரிசிதான் தேறும். ரேஷனுக்குக் கணக்குப் போடும்போது நெல் டன்னை அப்படியே அரிசி டன்னாக எழுதினால், இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு காகிதத்தில் இருக்கும். அடுத்த வருஷ விதைநெல்லும் அதிலிருந்துதான் போக வேண்டும்.