மழைக்காலத்தில் பைண்டர்: மலையூர்த் திருநம்பிப் பிள்ளைகளின் தோலுக்கு

பைண்டரை (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை) எந்த அளவில் வாங்குவது என்பதற்குள் போகவில்லை. ஏற்கெனவே போடும் திருநம்பிகளுக்கு (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவர்களுக்கு) ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பெரிய எதிரி ஈரம்தான்.

போடும் முன் அக்குளையும் மார்பின் அடி மடிப்பையும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். கிரேப் பேண்டேஜும் பார்சல் டேப்பும் தோலையும் விலா எலும்பையும் கெடுக்கும், தொடாதீர்கள்.

அடுத்தது துவைப்பது. பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வீட்டார் கண்ணில் படாமல் கட்டிலடியில் காயப்போட்டால் ஜூலை மழையில் இரண்டு நாளானாலும் காயாது. குளிரில் ஈரத்துணியும் காய்ந்த துணியும் ஒன்றுபோல் சில்லென்றிருப்பதால் கையை நம்ப முடியாது. முன்பக்கத்தில் துணி இரட்டையாக இருக்கும் இடத்திலும் தையலிலும் டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்துங்கள். பேப்பர் நமுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வெதுவெதுப்பான நீரில் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் எலாஸ்டிக் போய்விடும். உலர்ந்த துண்டில் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்துங்கள். பிறகு ஹேங்கரில் மாட்டி, மேலே தொளதொள சட்டை ஒன்றைப் பட்டன் போடாமல் மாட்டினால் வெளியே தெரியாது, காற்றும் போகும். ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். காசு இருந்தால் விலை உயர்ந்த ஒன்றைவிட சுமாரான இரண்டு மேல்.

ஈரம் தங்கிய தோலில் விளிம்பு தடித்து வளையமாகச் சிவந்து அரித்தால் அநேகமாகப் படை. க்ளோட்ரிமசோல் 1% களிம்பை விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம்வரை தினம் இருவேளை தடவுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். டியூபில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், படையோ பரவிக்கொண்டேயிருக்கும். நீலகிரித் தைலத்தை அப்படியே தேய்ப்பதும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

மருத்துவர் மேற்பார்வையில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) எடுப்பவர்களுக்கு முகத்திலும் முதுகிலும் பரு வரலாம். பென்சாயில் பெராக்சைடு 2.5% போதும், ஆனால் பட்ட துணி வெளுத்துவிடும். இரவில் மட்டும் பூசிக் காலையில் கழுவுங்கள்.

பின்சேர்க்கை: திருநங்கைப் பிள்ளைகள் ஷேவிங் பற்றிக் கேட்டிருந்தார்கள். முடி உள்ளே வளைந்து முண்டு முண்டாக வர, குளிரில் செய்யும் வறட்டு ஷேவிங்கும் ஒரு காரணம். வெந்நீரில் குளித்த உடனே, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, ஒற்றை பிளேடால் எடுங்கள். ஈரம் காயுமுன் வாசமில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்கள்.

படை இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ சீழ் வைத்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் "இறுக்கமான உள்ளாடை போடுகிறேன்" என்று சொன்னாலே வைத்தியத்துக்குப் போதும்.