தாழம்பூ வேண்டுமென்றால் ஆண் தாழையாகப் பார்த்து நடுங்கள்

தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மணக்கும் மடல் ஆண் செடியில்தான் வரும். பெண் செடியில் அன்னாசியைப் போலக் காய் தொங்கும். அதன் பூவில் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. பூக்கும்வரை இலையைப் பார்த்தோ முள்ளைப் பார்த்தோ இன்னது என்று சொல்ல முடியாது. விதை போட்டு வளர்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: பல வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு காய் தொங்கினால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆகவே, மடல் விட்டதைக் கண்ணால் பார்த்த புதரிலிருந்தே கன்று எடுங்கள். மடல் மழைக்காலத்தில்தான் அதிகம் வரும். நடவுக்கும் அதுவே பருவம். வாய்க்கால் கரையிலோ தோப்பு வேலியிலோ இருக்கும் புதர் என்றால் உரியவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு கிளையை வெட்டினால் போதும். கடலோரத் தாழங்காட்டில் வேரோடு பிடுங்கவே கூடாது. அங்கே மணல் நகராமல் இருப்பதே அந்த வேர்களால்தான்.

நர்சரியில் வாங்குவோர் கவனிக்க: தாழை என்று கேட்டால், இலையில் வெள்ளை அல்லது மஞ்சள் வரி ஓடும் அழகுச்செடியைத் தருவது உண்டு. பிரியாணியில் போடும் ரம்பையும் தாழைக் குடும்பம்தான். இலை மணக்கும், பூவை எதிர்பார்க்க முடியாது. இலையின் இரண்டு ஓரத்திலும், அடிப்பக்க நடுநரம்பிலும் கூரான முள் இருந்தால் அது நாட்டுத் தாழையாக இருக்கலாம். ஆணா பெண்ணா என்பதற்குத் தாய்ச்செடியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்டின் பக்கத்தில் வெடித்து வரும் கன்று, மணிக்கட்டுப் பருமனில் இரண்டு, மூன்று அடி நீளம் இருக்க வேண்டும். அடியில் விழுது எட்டிப் பார்க்கிற கன்று சீக்கிரம் பிடிக்கும். தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் புதருக்குள் கை விடாதீர்கள். முள் எதிரெதிர்த் திசையில் வளைந்திருப்பதால் உள்ளே போன கை கீறாமல் வெளியே வராது. வெட்டிய கன்றின் அடி இலைகளைக் கழித்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. பிறகு நிழலில் இரண்டு, மூன்று நாள் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள். பச்சை வெட்டோடு ஈரமண்ணில் வைத்தால் அடி அழுகும். கன்று பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம்.

குழி இரண்டடிக்கு இரண்டடி. தோண்டிய மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, கன்றை முக்கால் அடி ஆழத்தில் நட்டு, காற்றில் ஆடாதபடி ஒரு கழியோடு கட்டுங்கள். குருத்துக்குள் மண் விழக்கூடாது. குளக்கரை என்றால் வழக்கமான நீர்மட்டத்துக்கு ஓரடி, ஒன்றரை அடி மேலே நடுவது நல்லது. வேர் தானாகவே ஈரத்தைத் தேடி இறங்கும். வளர்ந்த தாழை மழைநாள் வெள்ளத்தைத் தாங்கும், உப்புத்தண்ணீரையும் பொறுக்கும். வேர் பிடிக்காத கன்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. குளம் இல்லாத வீட்டில் குளியலறைத் தண்ணீர் பாயும் இடம் போதும், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குருத்தில் புது இலை நீண்டால் வேர் பிடித்துவிட்டது. குருத்தை லேசாக இழுத்ததும் கையோடு வந்து நாற்றம் அடித்தால் அழுகல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கன்று வைப்பதே மேல். இலைக்கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி அடையும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, பிறகு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். பத்தடி உயரமும் அதே அளவு அகலமும் எளிதாக வரும். நடைபாதையிலிருந்து எட்டடியாவது தள்ளி இருக்கட்டும். தொட்டியில் உயிரோடு இருக்கும், மடல் விடுவது சந்தேகம். வாசனைக்குப் பாம்பு வரும் என்பார்கள். வாசனைக்கு வருவதில்லை, அடியில் சேரும் காய்ந்த இலைக்குள் எலியும் தவளையும் இருப்பதால் வருகிறது. வருடம் இரண்டு முறை அடியைச் சுத்தம் செய்யுங்கள். தண்டிலிருந்து இறங்கும் விழுதை மட்டும் வெட்டாதீர்கள், சாயாமல் தாங்குவது அதுதான்.

கன்று நட்டு மூன்று, நான்கு வருடத்தில் முதல் மடலை எதிர்பார்க்கலாம். வெளிமடல் வெளிர்மஞ்சளாகி வாய் திறக்கத் தொடங்கும்போது, விடியற்காலையில் நீளக்கம்பில் கட்டிய அரிவாளால் அறுங்கள். முழுக்க விரிந்தபின் மணம் வேகமாகக் குறையும், மகரந்தமும் கொட்டும். புடவைப் பெட்டியில் வைப்பதானால் நடுக்கதிரை நீக்கி மடலை மட்டும் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பூத்த நுனி அதோடு நின்று, கீழிருந்து பக்கக்கிளைகள் பிரியும். அடுத்தடுத்த மடல்கள் அவற்றில் வரும்.