பென் டிரைவை அப்படியே உருவலாமா? எஜெக்ட் செய்வது எப்போது, எப்படி

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து பென் டிரைவை உருவினால் ஷார்ட் ஆகும், போர்ட் எரிந்துபோகும் என்பதெல்லாம் வீண் பயம். செவ்வக யூஎஸ்பி முனைக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சற்று நீளம், நடுவில் இருப்பவை குட்டை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ளவை தரவுக்கு. உருவும்போது தரவு இணைப்பு முதலில் அறும், மின்சாரம் கடைசியில் போகும். கணினி ஓடும்போதே செருகிக் கழற்றுவதற்காகச் செய்த முனைதான் அது.

ஆபத்தெல்லாம் எழுதி முடியாத கோப்புக்குத்தான். காப்பி ஜன்னல் 100 சதவீதம் காட்டி மூடிவிட்டாலும், கடைசிப் பகுதி இன்னும் கணினியின் ரேமிலேயே (தற்காலிக நினைவகம்) இருக்கலாம். பென் டிரைவ் மெதுவாக எழுதும் என்பதால் சிஸ்டம் தரவை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். இதைத்தான் ரைட் கேஷ் என்கிறார்கள். ரேமில் 1 ஜிபி தேங்கியிருக்கிறது, உங்கள் டிரைவ் விநாடிக்கு 8 எம்பிதான் எழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பி முடிந்ததாகத் தெரிந்த பிறகும் 2 நிமிடத்துக்கு மேல் வேலை பாக்கி. எஜெக்ட் அழுத்தினால் சிஸ்டம் இந்தப் பாக்கியை எழுதி முடித்து, திறந்திருக்கும் கோப்பு ஏதும் இல்லை என்று பார்த்து, டிரைவை விடுவிக்கும்.

எதற்கு எஜெக்ட் வேண்டாம்?

மவுஸ், கீபோர்டு, பிரின்டர், ஹெட்செட், வயர்லெஸ் ரிசீவர் எல்லாவற்றையும் அப்படியே கழற்றலாம். போனை ஃபைல் டிரான்ஸ்ஃபர் முறையில் இணைத்திருந்தால் காப்பி ஓடாத நேரத்தில் கேபிளை உருவலாம். பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, கார்டு ரீடரில் உள்ள மெமரி கார்டு, இவைதான் கவனிக்க வேண்டியவை.

விண்டோஸில்

1. டிரைவில் திறந்த கோப்புகளைச் சேமித்து மூடுங்கள். நேராக டிரைவிலேயே திறந்து திருத்திய வேர்டு, எக்செல் கோப்புகள்தான் அதிகம் சிக்குபவை.
2. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறியை அழுத்தினால் யூஎஸ்பி ஐகான் தெரியும். அதை அழுத்தி, உங்கள் டிரைவின் பெயருக்கு நேரே உள்ள எஜெக்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தும் எஜெக்ட் கொடுக்கலாம்.
3. கழற்றலாம் என்ற அறிவிப்பு வந்ததும் உருவுங்கள். டிரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டாமல் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

‘விண்டோஸில் இப்போது எஜெக்ட்டே தேவையில்லை’ என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், வெளி டிரைவுகளுக்கு ‘குவிக் ரிமூவல்’ என்ற கொள்கையே இயல்பாக இருக்கிறது. அதில் அந்த ரைட் கேஷ் கிடையாது. உங்கள் டிரைவில் எது இருக்கிறது என்று பார்க்க டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸைத் திறந்து, டிரைவை இரட்டை கிளிக் செய்து, பாலிசீஸ் தாவலுக்குப் போங்கள். ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ தேர்வாகியிருந்தால் எஜெக்ட் கட்டாயம். குவிக் ரிமூவலாக இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கோப்பு கெடும். அதை எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. டிரைவுக்குள் என்க்ரிப்ட் செய்த (கடவுச்சொல் போட்டுப் பூட்டிய) பெட்டகம் வைத்திருந்தால் முதலில் அதை டிஸ்மவுன்ட் செய்த, அதாவது மூடிய, பிறகே எஜெக்ட்.

மேக், லினக்ஸ்

இரண்டிலும் கேஷ் உண்டு, எழுதிய பிறகு எஜெக்ட் தவிர்க்கக் கூடாது. மேக்கில் ஃபைண்டரின் இடப்பக்கப் பட்டியலில் டிரைவின் பெயருக்கு அருகே உள்ள எஜெக்ட் குறியை அழுத்துங்கள், அல்லது டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள் (எதுவும் அழியாது). லினக்ஸில் ஃபைல் மேனேஜரில் எஜெக்ட் கொடுத்ததும் ‘எழுதிக்கொண்டிருக்கிறது, கழற்றாதீர்கள்’ என்ற பொருளில் அறிவிப்பு வந்து, அங்கேயே நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். மேலே கணக்குப் போட்ட அந்த 2 நிமிடம் இதுதான்.

‘டிரைவ் பயன்பாட்டில் உள்ளது’ என்று அடம்பிடித்தால்

பெரும்பாலும் டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டரைக் காட்டும் ஜன்னல், கமாண்ட் பிராம்ப்ட், வீடியோ பிளேயர், அல்லது ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் ஆன்டிவைரஸ். மூடிவிட்டு அரை நிமிடம் கழித்து மீண்டும் முயலுங்கள். ஆள் சிக்கவில்லை என்றால் விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பட்டியலில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எஜெக்ட்டைத் தடுத்த நிரலின் பெயரே அதில் எழுதியிருக்கும். இந்த வசதி பலருக்கும் தெரிவதில்லை.

அதற்கும் மசியவில்லையா? கணினியை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ஸ்லீப் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினி சீக்கிரம் எழுவதற்கான வசதி) இயங்கினால் சாதாரண ஷட் டவுன்கூடப் பாதி உறக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

தட்டு சுழலும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. மின்சாரம் திடீரென அறுந்தால் தட்டின் மேல் மிதக்கும் தலை அவசரமாக ஓரம் ஒதுங்க வேண்டியிருக்கும். அதற்கு வழி உண்டு, ஆனால் அடிக்கடி செய்தால் தேய்மானம். எஜெக்ட் கொடுத்து, கையில் உணரும் அதிர்வு அடங்கும் வரை, ஐந்து பத்து விநாடி, டிஸ்கை அசைக்காதீர்கள்.

எஜெக்ட் செய்யாமல் உருவிவிட்டீர்கள், இப்போது?

அதே கணினியில் திரும்பச் செருகுங்கள். ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். இந்த இடத்தில் ஓகே அழுத்தித்தான் பலர் மிச்சத்தையும் இழக்கிறார்கள். திறக்கிறதென்றால் முக்கியமானதை முதலில் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். பிறகு டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் உள்ள ஃபர்ஸ்ட் எய்ட். சரிபார்ப்பு, அறுந்த கோப்புகளை வெட்டித் தள்ளவும் கூடும். அதனால்தான் காப்பி முதலில்.

டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் சில உண்டு. அவற்றில் ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் டிரைவுகளில் சிக்கல் அதிகம். கோப்பின் பெயர் ஒரு இடத்தில், அதன் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் வேறு இடத்தில். இரண்டில் ஒன்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் துண்டுகள் அநாதையாகிவிடும். என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறை தன் மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொண்டே செய்வதால் அதன் அமைப்பு தப்பிக்கும், பாதியில் நின்ற கோப்பு தப்பிக்காது. செக் முடிந்ததும் ஃபவுண்ட்.000 என்ற மறைந்த ஃபோல்டர் தோன்றியிருந்தால் அந்த அநாதைத் துண்டுகள் அதில்தான். ஒரே துண்டாகக் கிடைத்த படமாக இருந்தால், கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னுள்ள எழுத்துகளை ஜேபிஜி (jpg) என்று மாற்றித் திறந்து பாருங்கள், பல நேரம் திறக்கும்.