செட்டிநாட்டு வீடுகளில் மின்செலவைக் குறைப்பது எப்படி: கையிருப்புக்கு ஏற்ற வழிமுறை

சூரிய மின்தகடு வசதி படைத்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் இருக்கிறது. செலவை வரிசைப்படுத்திக்கொண்டால், வாடகைக்குக் குடியிருப்பவரும் ஏதேனும் ஒரு படியில் தொடங்கலாம்.

முதலில், ஓராண்டு மின்கட்டண ரசீதுகளை எடுத்து, இரு மாதங்களுக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்பதால், 200 யூனிட்டுக்குள் செலவிடும் குடும்பம் மின்தகட்டுக்காகக் கடன்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து மின்விசிறி. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் சுமார் 32 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றாமல், இரவு முழுவதும் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். மகளிர் குழுவில் சிறு கடன் பெற்றும் வாங்கலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். வளவு முற்றத்தை, அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்தை, தகரம் போட்டு அடைத்திருந்தால், அதைத் திறந்துவிடுவதே பகல் விளக்கையும் விசிறியையும் பெருமளவு குறைக்கும்.

அதிகம் செலவிடும் வீடுகளுக்கே மின்தகடு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். அந்த ஒரு கிலோவாட்டிலிருந்து நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். நாட்டு ஓட்டின்மேல் பாரம் ஏற்றாதீர்கள். மொட்டை மாடித் தளமோ, பின்கட்டை ஒட்டிய வெற்றிடமோ நல்லது.

இங்கே பெரும் தடை பணத்தைவிடப் பத்திரம்தான். மின் இணைப்பு பாட்டனார் பெயரிலும் வீடு பல பங்காளிகளின் பொதுச் சொத்தாகவும் இருந்தால் விண்ணப்பம் சிக்கும். ஆகவே பங்காளிகளின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு இணைப்பின் பெயரை முதலில் மாற்றுங்கள். பிறகே இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொண்டு பதிவு செய்து, அங்கு பதிவுபெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மானியம், அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை தாங்க முடியாதவர்கள் 3 கிலோவாட் வரை பிணையின்றி வங்கிக் கடன் கேட்கலாம். மாதத் தவணை, இப்போது கட்டும் மின்கட்டணத்தின் மாதப் பங்கைத் தாண்டாதபடி காலத்தைப் பேசி முடிவுசெய்யுங்கள். மானியம் வந்தவுடன் அதை அசலில் கட்டிவிடுங்கள்.