கடல்ல காத்தாடி நட்டா மட்டும் கரண்ட் சீரா வராது: எங்கெல்லாம் தப்பு நடக்குது

கடல்ல காத்து எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அங்க காத்தாடி போட்டா கரண்டும் ஒரே சீரா வரும்னு ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு. அதுல பாதிதான் உண்மை. கரையைவிட கடல்ல காத்து பலமாவும் கொஞ்சம் ஒழுங்காவும் அடிக்கும், சரிதான், ஆனா காத்தாடியை எங்க நடுறோம், எந்த கேபிள்ல கரைக்கு கொண்டு வர்றோம், கிரிட்டோட (ஊரெல்லாம் கரண்டைக் கொண்டு போற மின்லைன் வலைப்பின்னல்) எப்படி இணைக்கிறோம்னு தூண் இறக்குறதுக்கு முன்னாடியே எடுக்குற முடிவுலதான் சீரான கரண்ட் இருக்கு. டென்மார்க்ல 1991-ல விண்டெபில 11 காத்தாடியோட ஆரம்பிச்ச தொழில் இது. 2024-ல மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு, அதுல 500 மெகாவாட் குஜராத்துக்கு, 500 தமிழ்நாட்டுக்கு. நம்ம பக்கம் இன்னும் ஒரு தூண்கூட இறங்கலைங்கிறதால ஐரோப்பாக்காரங்க அடிபட்டு கத்துக்கிட்டதை எல்லாம் நாம இப்பவே எடுத்துக்கலாம்.

மொத தப்பு வருஷ சராசரியை நம்புறது. "இந்த இடத்துல காத்தாடியோட முழுத் திறன்ல 45 சதவீதம் கிடைக்கும்"னு ரிப்போர்ட்ல இருந்தா தினமும் 45 கிடைக்கும்னு அர்த்தம் இல்ல, ஒரு வாரம் 90 வரும், அடுத்த வாரம் 8 வரும். காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதுல இருக்கிற பவர் எட்டு மடங்காகும், அதனால வினாடிக்கு 8 மீட்டர்ல இருந்து 10 மீட்டருக்கு ஏறினாலே உற்பத்தி கிட்டத்தட்ட டபுள் ஆயிடும், இறங்கும்போதும் அதே வேகத்துல விழும். காத்து வேகத்தை 10 சதவீதம் தப்பா கணிச்சா பவர் கணக்கு 30 சதவீதம் தப்பிப்போகும்.

நம்ம ஊர்ல இதைவிடப் பெரிய சிக்கல் சீசன். தமிழ்நாட்டோட மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ம் தேதி, அதாவது கத்திரி வெயில் ஆரம்பிக்கிற நேரம், அப்போ காத்து சீசன் இன்னும் சூடு பிடிச்சிருக்காது. தென்மேற்கு பருவக்காத்து வந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பாலக்காட்டு கணவாய் பக்கம் காத்தாடி எல்லாம் முழு வேகத்துல சுத்தும்போதுதான் மன்னார் வளைகுடாலயும் பலமா அடிக்கும், ஏன்னா பெரும்பாலும் அது ஒரே காத்து! ஏற்கனவே சீசன்ல கரையில இருக்கிற காத்தாடிகளையே பேக்டவுன் பண்ணச் சொல்றாங்கன்னு, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்றாங்கன்னு புகார் இருக்கு, அதே மாசத்துல கடல்ல இருந்தும் கரண்ட் வந்து குவிஞ்சா அதை எங்க வைக்கிறது? அதனால இடம் தேடும்போது "எங்க காத்து அதிகம்"னு மட்டும் கேக்காம "மத்த காத்தாடி நிக்கிற நேரத்துல எங்க அடிக்கும்"னும் கேக்கணும், வடகிழக்கு பருவக்காத்து எந்த இடத்துல நல்லா கிடைக்குதுன்னு பார்த்து கொஞ்சம் மொத்த யூனிட் குறைஞ்சாலும் அங்க நடுறது மேல்னு நான் நெனைக்கிறேன்.

அடுத்தது மெகாவாட் ஆசை. ஒரே பிளாக்ல முடிஞ்சவரை நெருக்கி நட்டா முன்னாடி நிக்கிற காத்தாடி காத்தை உறிஞ்சிட்டு கலங்கின காத்தைத்தான் பின்னாடி அனுப்பும். இதுல பலபேர் கவனிக்காத விஷயம், இந்த நஷ்டம் நடுத்தரமா அடிக்கும்போதுதான் அதிகம், புயல் மாதிரி அடிக்கும்போது கிட்டத்தட்ட இருக்காது. அப்போ நெருக்கி நட்டா கரண்ட் குறைவா இருக்கிற நேரத்துல இன்னும் குறையும், ஏற்ற இறக்கம் கூடும். கடல் காத்தாடி நடத்துற டென்மார்க்கோட ஓர்ஸ்டெட் கம்பெனியே 2019 அக்டோபர்ல தன்னோட காத்தாடிகள்ல உற்பத்தியை கூடுதலா கணிச்சுட்டோம், இந்தக் காத்து மறைப்பை குறைச்சு மதிப்பிட்டதுதான் காரணம்னு வெளிப்படையா சொல்லுச்சு. காத்தாடி வாங்கும்போதும் ஜெனரேட்டர் சைஸை மட்டும் பாக்காம அதுக்கு எவ்வளவு பெரிய இறக்கை இருக்குன்னு பாக்கணும், அதே ஜெனரேட்டருக்கு பெரிய இறக்கை வெச்சா மெதுவான காத்துலயும் ஓடும், கரண்ட் இன்னும் சமமா வரும்.

"பேட்டரி வெச்சா சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்துல ஹார்ன்சீ 3-ங்கிற 2,900 மெகாவாட் கடல் காத்தாடித் திட்டத்தோட சேர்த்து 300 மெகாவாட், 600 மெகாவாட்-மணி பேட்டரி ஒண்ணு திட்டமிட்டாங்க. அந்த காத்தாடிகள் முழு வேகத்துல ஓடும்போது 12 நிமிஷத்துல தர்ற கரண்ட்தான் அந்த பேட்டரி முழுசும். பேட்டரி வேஸ்ட்னு சொல்லல, வினாடிக்கணக்குல ஃப்ரீக்வென்சியை (கிரிட்ல கரண்ட் துடிக்கிற வேகம், உற்பத்தி குறைஞ்சா இறங்கும்) பிடிச்சு நிறுத்தவும் சாயங்கால பீக்கை சமாளிக்கவும் அது அருமையான சாமான், ஆனா வாரக்கணக்குல காத்து படுத்துட்டா அதால ஒண்ணும் பண்ண முடியாது. டென்மார்க் தன் கரண்ட்ல பாதிக்கு மேல காத்துலயே எடுக்குதுன்னா நார்வேயோட நீர்மின் நிலையங்களுக்கு 1,700 மெகாவாட் கடலடி கேபிள் இருக்கிறது அதுக்கு ஒரு பெரிய காரணம். நமக்கு அந்த வேலையைச் செய்ய காடம்பாறையில 400 மெகாவாட் பம்ப்டு ஸ்டோரேஜ் (கரண்ட் மிஞ்சும்போது தண்ணியை மேல ஏத்தி வெச்சு, தேவைப்படும்போது இறக்கி கரண்ட் எடுக்குற நிலையம்) இருக்கு, அதே மாதிரி குந்தா திட்டத்தையும் சீக்கிரம் ஓட்டணும்.

இப்போ ரொம்ப முக்கியமானது, கன்ட்ரோல் சாஃப்ட்வேர். 2019 ஆகஸ்ட் 9, சாயங்காலம் அஞ்சு மணிக்கு கொஞ்சம் முன்னாடி இங்கிலாந்துல ஒரு டிரான்ஸ்மிஷன் லைன்ல இடி விழுந்துச்சு. லைன் சில வினாடியில சரியாயிடுச்சு, ஆனா அந்த வோல்டேஜ் ஆட்டத்துக்கு ஹார்ன்சீ 1-ங்கிற கடல் காத்தாடிப் பண்ணையோட கன்ட்ரோல் சிஸ்டம் தப்பா ரியாக்ட் பண்ணி 799 மெகாவாட்ல இருந்து 62-க்கு விழுந்துச்சு, அதே நேரத்துல லிட்டில் பார்ஃபோர்ட் கேஸ் பவர் பிளான்ட்டும் ட்ரிப் ஆச்சு, 50 ஹெர்ட்ஸ்ல இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 48.8-க்கு இறங்கி பத்து லட்சத்துக்கு மேல இணைப்புகளுக்கு கரண்ட் கட், லண்டனைச் சுத்தி ட்ரெயின்லாம் நடுவழியில நின்னுச்சு. காத்து நல்லாத்தான் அடிச்சுது! காத்தாடியும் உடையல. பலவீனமான கிரிட்ல அந்த செட்டிங் தாங்காதுங்கிறதுதான் பிரச்சினை, மறுநாளே சாஃப்ட்வேரை மாத்திட்டாங்க. அதனால கரைக்கு இணைக்கிறதுக்கு முன்னாடியே இடி, ஷார்ட் சர்க்யூட், பக்கத்து லைன் போறது எல்லாத்தையும் நம்ம தென்மாவட்ட கிரிட்டோட கம்ப்யூட்டர் மாடல்ல ஓட்டிப் பாக்கணும், கம்பெனிக்காரன் தர்ற டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டா போதாது.

புயல் விஷயத்தையும் சொல்லணும். காத்து வினாடிக்கு 25 மீட்டர் தாண்டினா பல காத்தாடிகள் பாதுகாப்புக்காக நின்னுடும், மொத்த பண்ணையும் ஒரே நேரத்துல நின்னா கிரிட்டுக்கு அது பெரிய அடி, அதனால ஒரேயடியா நிக்காம படிப்படியா குறையுற மாதிரி செட்டிங்கை டெண்டர்லயே கேக்கணும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்ச கடல் இது.

கடைசியா கேபிள். ஒரே ஒரு கேபிள்ல எல்லாத்தையும் கொண்டு வந்தா அது போற அன்னிக்கு காத்தாடி எல்லாம் சும்மா நிக்கும், ரிப்பேர் பண்ற கப்பல் வரணும், கடல் அமைதியா இருக்கணும், மாசக்கணக்குல இழுக்கும். பால்டிக் கடல்ல க்ரீகர்ஸ் ஃபிளாக்ல 2020-ல டென்மார்க், ஜெர்மனி ரெண்டு பக்கத்துக்கும் இணைச்சாங்க, காத்து இல்லாத நேரத்துல அதே வழியில ரெண்டு நாடும் கரண்டை வாங்கி விக்கலாம். உலகம் முழுக்க கடலடி கேபிளை அதிகமா அறுக்கிறது மீன்பிடி வலையும் நங்கூரமும்தான். மன்னார் வளைகுடால 21 தீவும் பவளப்பாறையும் இருக்கிற தேசியப் பூங்காவை விட்டு விலகித்தான் கேபிள் ரூட் போகணும், அப்படி விலகிப் போற ரூட்டை ஆபீஸ்ல உக்காந்து வரையாம ராமேஸ்வரம், தூத்துக்குடி மீனவர்களோட உக்காந்து வரையணும், விசைப்படகு எங்க மடி வலை இழுக்கும், எந்த மாசத்துல எங்க நங்கூரம் விழும்னு அவங்களைவிட நல்லா தெரிஞ்சவங்க யாரும் இல்ல.